மணலில் போட்ட கூடாரம்

பத்மாசினியின் கோபம் ஓர் அட்டையில் தொடங்கியது. மலைநாட்டு ஒகியா ஸ்ரேசனை விட்டு, தேயிலைக்குள்ளால் ஏறும் ஒற்றையடிப் பாதையில் அரைக் கட்டை தூரம்கூடப் போயிருக்கமாட்டார்கள். கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். கறுப்பாய், நூல் முடிச்சுப் போல, இரத்தம் குடித்துக்கொண்டு மூன்று.

முன்னால் முதுகுப் பையோடு போன சண்முகநாதன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"உப்புத் தண்ணியிலை வளந்த காலெல்லோ? அட்டை கிட்டவும் வராதெண்டு நினைச்சன்."

"உப்பு உங்கடை பையுக்கை கிடக்குது. எடுத்துத் தந்திட்டுச் சிரியுங்கோ."

உப்பைத் தூவ அட்டைகள் சுருண்டு விழுந்தன. ஆனால் இரத்தம் நிற்கவில்லை. அது காலில் கோடாய் வழிய வழிய, அவளுக்குள்ளும் ஏதோ கசிந்துகொண்டிருந்தது. என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து இருந்த ஒன்றுதான். அட்டை அதற்கு ஒரு வாய் வைத்துவிட்டது, அவ்வளவே.

சண்முகநாதன் புத்தூர்த் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தான். பத்மாசினி வல்வெட்டித்துறை. அவளுடைய தகப்பன் ஆழ்வாப்பிள்ளை பாய்க்கப்பல் ஓட்டிய பரம்பரை. கடைசியில் ஒரு வள்ளத்தோடு நின்றவர். அதே பள்ளிக்கூடத்தில் அவள் சின்ன வகுப்புகளுக்கு ரீச்சர். இரண்டு வருடத்துக்கு முன் எழுத்து எழுதி, பதிவுக் கல்யாணம் முடித்தார்கள். அதற்குப் பிறகு சண்முகநாதன் புத்தூர் வீட்டுப் படலையைத் தனியாகத்தான் திறந்தான். சாதி பார்க்கிற வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. "கொஞ்சம் பொறும், பத்மா. மனம் மாறுவினம்" என்பான். பிறகு பேசாமல் இருப்பான். அவனுடைய பேசாமல் இருத்தல் பேர் போனது. கல்யாணத்துக்கு முன் அதுதான் அவளைப் பிடித்து இழுத்தது. ஆழமான மனிதர், வார்த்தையை வீணாக்கமாட்டார் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பள்ளிக்கூடத்துச் சாரணர் படைக்கு அவன்தான் பொறுப்பு. ஒவ்வொரு வருடமும் பொடியன்களைக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், சவுக்கு மரங்களுக்குக் கீழே கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டு வருவான். அந்தக் கன்வஸ் கூடாரத்தைத்தான் இப்போது மடித்து முதுகில் கட்டியிருந்தான். நல்லூர்த் திருவிழா முடிந்து கொடி இறங்கின கையோடு ஒரு நாள் பின்னேரம் வந்து, "இந்த லீவுக்கு மலைக்குப் போவம். நீரும் நானும் மட்டும்" என்றான். அவளுக்கு நம்ப முடியவில்லை. சந்தோசத்தில் அன்றிரவே தாய்க்குச் சொல்லியனுப்பி, கட்டாக் கருவாடு எடுப்பித்தாள். கொடிக் காலம் முழுக்க மரக்கறி தின்று நாக்குச் செத்திருந்தது. அவளைவிட அவனுக்குத்தான் மீன் மச்சம் இல்லாமல் சோறு இறங்காது. புத்தூரில் பிறந்து, வல்வெட்டித்துறையில் மீனுக்காகக் கல்யாணம் முடித்தவன் என்று ஆசிரியர் அறையில் அவனைப் பகிடி பண்ணுவார்கள்.

மத்தியானத்துக்குப் பிறகு தேயிலை முடிந்து காடு தொடங்கியது. காடு என்றால் அவளுக்குத் தெரிந்த பற்றைக்காடு அல்ல. மரங்களின் உடம்பெல்லாம் பாசி. எதைத் தொட்டாலும் ஈரம். பனைகள் தள்ளித்தள்ளி நின்று வானத்தை முழுசாய் விட்டுத்தருகிற ஊரில் வளர்ந்தவளுக்கு மூச்சு முட்டியது. இறக்கம் ஒன்றில் இறங்கியபோது ஆறு தெரிந்தது.

இருவரும் நின்றுவிட்டார்கள்.

சண்முகநாதன் வருடம் தவறாமல் கரும்பலகையில் நீலச் சோக்கால் ஆறு கீறுகிறவன். ஆற்றின் இளமை, ஆற்றின் முதுமை என்று பொடியன்களுக்கு நோட்ஸ் சொல்கிறவன். யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? வழுக்கை ஆறு என்று பெயருக்கு ஒன்று, மாரிக்கு மட்டும் தலைகாட்டும். தண்ணீர் என்றால் கிணறு. அது கீழே கிடக்கும்; நாங்கள்தான் குனிந்து எடுக்கவேண்டும். இல்லையென்றால் கடல். அதற்கு ஒரு கரை உண்டு, அந்தக் கரையில் அது எந்த இடம்வரை வந்துபோகும் என்று கோடு போட்டும் வைத்திருக்கும். தானாக நடந்து போகிற தண்ணீரை இருவரும் கிட்ட நின்று பார்த்தது அன்றுதான்.

முழங்கால் அளவு தண்ணீர், கண்ணாடி போல. வளைவு ஒன்றில் அது விலகி ஓட, இந்தப் பக்கத்தில் வெள்ளை மணல் பாய் விரித்தது போலக் கிடந்தது.

"மேலை அந்தப் புல்லுக்கை போடுவமோ?" என்று அவன் கேட்டான்.

"புல்லுக்கை அட்டை. மணலிலை போடுங்கோ. மணலைவிடச் சுத்தமான படுக்கை இருக்கோ?"

அவனுக்கும் அது சரியாகவே பட்டது. அவன் கூடாரம் போட்ட இடமெல்லாம் மணல்தானே. பத்மாசினி ஊர் வழக்கப்படி ஒரு காரியமும் செய்தாள். தண்ணீர் எங்கேவரை ஏறும் என்று பார்க்க, குப்பைக் கோட்டைத் தேடினாள். கடல் ஏறி இறங்கினால் சாதாளைப் பாசியும் சிப்பியும் சுள்ளியும் மணலில் வரிசையாய்க் கிடக்கும். அதற்கு இந்தப் பக்கம் படுத்தால் பயமில்லை. இந்த மணலில் ஒரு கோடும் இல்லை. துடைத்து வைத்தது போலிருந்தது. கரையோரப் பற்றைகளில், அவளுடைய இடுப்பளவு உயரத்தில், காய்ந்த புல்லும் சுள்ளியும் கொத்துக்கொத்தாய்ச் சிக்கித் தொங்கின.

"எவ்வளவு குருவிக்கூடு, பாருங்கோ" என்றாள்.

அவனும் பார்த்துத் தலையாட்டினான்.

கூடாரம் எழும்பியது. கல் மூன்று வைத்து அடுப்பு மூட்டினாள். ஈர விறகு புகைந்து கண்ணைக் கரித்தது. சோறு கொதித்து இறங்க, கருவாட்டுத் துண்டுகளைச் சட்டியில் போட்டுப் பொரித்தாள். அந்த மணம் எழும்பியபோதுதான் அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்கு மனம் லேசானது. மலைக்குப் பின்னால் வானம் கறுத்திருந்தது. ஆனால் அது தூரத்தில். இங்கே வெயில் மஞ்சளாய் விழுந்துகொண்டிருந்தது. அங்கே பெய்கிற மழை அங்கேயுள்ள ஆட்களுக்கு.

பீங்கானில் சோறு போட்டு, பருப்பு விட்டு, கருவாட்டுத் துண்டு இரண்டை ஓரத்தில் வைத்து நீட்டினாள். சண்முகநாதன் பீங்கானை வாங்கினான். துண்டு இரண்டையும் விரல் நுனியால் எடுத்து அவளுடைய பீங்கானில் வைத்தான். பிறகு அந்த விரல்களைத் தண்ணீரில் அலம்பினான்.

"ஏனப்பா?"

"வயித்துக்குச் சரியில்லை."

அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெயிலில் தின்ன மீன் பொரியலும் புட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புட்டையும் சம்பலையும் தின்றுவிட்டு, வயித்துக்குச் சரியில்லை என்றான். நேற்று ஸ்ரேசன் மண்டபத்தில் பாணும் கருவாடும். வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றான். இப்போது அந்தச் சரியில்லாத வயிறு இரண்டாம் தரம் சோறு கேட்டது. விரலை அலம்பின விதம் அவளுக்கு நெஞ்சில் குத்தியது. வயிற்று வருத்தக்காரன் அப்படி அலம்பமாட்டான். விரதகாரன்தான் அலம்புவான்.

இன்றைக்கு வெள்ளி இல்லை. சட்டி விரதம் இல்லை. கொடியும் இறங்கிவிட்டது. இவருடைய வீட்டில் ஒருவரும் சாகவில்லை. அப்படியானால் ஒரு வீட்டில் எப்போது மச்சம் விலக்குவார்கள்? பொன்னுருக்கினால். கலியாணத்துக்குப் பொன் உருக்கிக் கன்னிக்கால் நட்டுவிட்டால், நாலாம் சடங்கு முடியும்வரை அந்த வீட்டு அடுப்பில் மச்சம் ஏறாது.

அவள் பீங்கானை மணலில் வைத்தாள்.

"எப்ப கலியாணம்?"

"ஆருக்கு?"

"உங்கடை தங்கச்சிக்கு."

அவன் கை சோற்றில் நின்றது. பராசக்தி அவனுக்கு ஒரே தங்கை. கொக்குவிலில் இவர்கள் இருவரும் குடியிருக்கும் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிப் புதிதாய்க் குடிவந்த ஒரு எஞ்சினியரைப் பேசி முடித்ததும், ஆவணியில் நாள் என்றதும் பத்மாசினிக்குத் தெரியும். பிறகு தைக்குத் தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்று அவன் சொன்னான். அவள் நம்பினாள்.

அவன் பேசாமல் இருந்தான். அடுப்பில் ஒரு சுள்ளி வெடித்தது. ஆறு தன்பாட்டில் ஓடியது. முந்தியென்றால் அந்த மௌனத்துக்கு அவள் இடம் விட்டிருப்பாள்.

"கேட்டது விளங்கேல்லையோ?"

"நாளையிண்டைக்கு."

"ஓ."

"சித்தப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், பத்மா. தனிய வாறதெண்டால் வா, இல்லாட்டி வராதை எண்டார். நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். உம்மை விட்டிட்டுப் போகமாட்டன் எண்டு. நானும் போகேல்லைத்தானே?"

அதைச் சொன்னபோது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பெரிய தியாகம் செய்து அதை அடக்கமாகச் சொல்கிறவனின் முகம். அவளுக்கு அதைப் பார்க்க உடம்பெல்லாம் பற்றியது.

"வரேல்லை எண்டு சொல்லிப்போட்டு வீட்டை இருந்திருக்கலாமே. இஞ்சை ஏன் என்னைக் கொண்டந்தனியள்?"

அவன் தலை குனிந்தான்.

"சொல்லுங்கோ."

"மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஒழுங்கை தள்ளித்தானே இருக்கினம். தமையன் பக்கத்திலை இருந்துகொண்டு கலியாணத்துக்கு வரேல்லை எண்டால் ஏன் எண்டு கேப்பினம். அதாலை, ஊரிலை நிக்கக்கூடாது எண்டு..."

"ஆர் சொன்னது?"

"சித்தப்பா."

"நீங்கள் ஓம் எண்டியள்."

அவன் சோற்றை விரலால் ஒதுக்கினான்.

"இவ்வளவு மலையும் காடும் அட்டையும் எனக்குக் காட்டத்தான் எண்டு நினைச்சன். என்னை ஒளிக்கவோ? பூனை தன்ரை பீயைத் தாட்ட மாதிரி."

"அப்பிடிக் கதையாதையும்."

"கதைக்கிறதுக்கு நானாவது இருக்கிறன். நீங்கள் கதைக்க வேண்டிய இடத்திலை ஒருநாளாவது வாய் திறந்தனியளோ? உங்கடை மௌனத்தை நான் ஞானமெண்டு நினைச்சன். பயம். வெறும் பயம்."

அவள் எழும்பி ஆற்றோரம் போய், அவனுக்கு முதுகு காட்டி நின்றாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறிவிட்டது. அப்போதுதான் ஓர் இரைச்சல் கேட்டது. தூரத்தில், தாழ்ந்த சுருதியில், விடாமல். மாரிக்கு முன் வல்வெட்டித்துறையில் கடல் இரைவது போலவே. ஒரு கணம் அவளுக்குக் கோபம்கூட மறந்தது. தாய் வீட்டுக் கோடிப்புறத்தில் நிற்பதுபோல இருந்தது. பிறகு நினைத்தாள்: இங்கே ஏது கடல்?

கீழே பார்த்தாள். தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. பாலில்லாத தேத்தண்ணி போல. அதில் இலைகள் வந்தன. ஒரு முழுக் கிளை வந்தது. அவளுடைய காலடியில் இருந்த மணல் கரைந்து வழுகியது.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. தண்ணி வருது."

அவன் எழும்பியும் அது என்னவென்று விளங்காமல் நின்றான். தண்ணீர் அலையாக வரவில்லை. வந்தது தெரியாமல் உயர்ந்தது. அடுப்புச் சீறி அணைந்தது. சோற்றுப் பானை தானே எழும்பி மிதந்தது. அவள் தன் பையைப் பிடித்துக்கொண்டு பற்றைகளைக் கைப்பிடியாக்கி மேலே ஏறினாள். குருவிக்கூடு என்று நினைத்த காய்ந்த புற்கொத்து ஒன்று கையோடு வந்தது. அது கூடு அல்ல. போன வெள்ளம் தொங்கவிட்டுப் போன குப்பை. கடல் தன் கோட்டைத் தரையில் போடும். ஆறு அதை இடுப்பளவில் கட்டித் தொங்கவிடும். அது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. நோட்ஸ் சொல்கிறவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது அவன் பின்னால் இல்லை. கூடாரத்துக்குள் குனிந்துகொண்டிருந்தான்.

"விட்டிட்டு வாங்கோ. பையை விடுங்கோ."

அவன் விடவில்லை. தண்ணீர் அவனுக்குத் தொடைக்கு வந்தது. முளைகள் பிடுங்குண்டு கூடாரம் வயிறு ஊதின மாடு போலக் கவிழ்ந்தது. அவன் பையை நெஞ்சோடு அணைத்தபடி இரண்டு தரம் விழுந்தான். மூன்றாம் தரம் விழாமல் அவள் நீட்டிய கையைப் பிடித்தான். அவள் ஒரு வேரில் காலை ஊன்றி, வள்ளம் இழுக்கிற இழுவையாக இழுத்தாள். இருவரும் புல்லில் விழுந்து கிடந்தார்கள். கூடாரம் வளைவில் திரும்பி மறைந்தது.

மூச்சு வந்ததும் சண்முகநாதன் செய்த முதல் வேலை, பையைத் திறந்து ஒரு பார்சலை எடுத்து ஈரம் பட்டதா என்று தடவிப் பார்த்ததுதான். மெழுகுத் துணியில் சுற்றியிருந்தது. அதன் வாய் விலகி, உள்ளே சரிகைக் கரை மின்னியது. பட்டு வேட்டி. மேலே சால்வை.

"இதுக்கோ உயிரை விடப் பாத்தனியள்?"

அவன் மெல்லச் சொன்னான்: "அம்மா சித்தப்பாட்டைக் குடுத்துவிட்டவ. தங்கச்சியின்ரை கலியாணத்துக்கெண்டு எடுத்தது. முகூர்த்த நேரத்துக்கு இதை உடுத்துக்கொண்டு, வடக்குப் பக்கம் பாத்து நிப்பம் எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் இல்லை."

அவள் அந்த வேட்டியையே பார்த்தாள். ஒரு மலையின் உச்சியில், ஒருவரும் இல்லாத இடத்தில், பட்டு உடுத்துக்கொண்டு தன் வீட்டுக் கலியாணத்தைப் பார்த்து நிற்கப்போகிற ஆம்பிளை. இரக்கப்படத்தான் வேண்டும். இரக்கம் வரவும் பார்த்தது.

"எனக்கு?" என்றாள்.

"என்ன?"

"நீங்கள் பட்டு வேட்டி உடுத்துக்கொண்டு நிக்கேக்கை, நான் பக்கத்திலை எதை உடுத்துக்கொண்டு நிக்கிறது? எனக்கு ஒரு சீலை எடுத்து வைச்சனியளோ?"

அவன் மெழுகுத் துணியை இழுத்துச் சரிகையை மூடினான்.

அவள் நினைத்துக்கொண்டாள்: ஒருவரும் பார்க்காத மலையிலும் இவர் தனியத்தான் நிற்க இருந்திருக்கிறார். சித்தப்பாவும் இல்லை, சாதியும் இல்லை, மாப்பிள்ளை வீடும் இல்லை. அங்கேயும் எனக்கு இடம் வைக்கவில்லை.

மழை இங்கேயும் வந்துவிட்டது. ஸ்ரேசனுக்குத் திரும்பி நடந்தார்கள். ரோச் வெளிச்சத்தில் அவள் முன்னால், அவன் பின்னால். ஸ்ரேசன் வாங்குப் பலகையில் ஈரத்தோடு உட்கார்ந்து அவள் கேட்ட ஒரே கேள்வி:

"காலமை கீழை போற ரெயிலிலை ஏறினால் நாளைக்கு இரவு மெயிலைப் பிடிக்கலாமோ?"

"பொல்காவலையிலை பிடிக்கலாம். ஏன்?"

"புத்தூருக்கு."

அவன் மடியில் இருந்த பார்சலின் முடிச்சை இறுக்கினான். அவள் மேலே கேட்கவில்லை.

மறுநாள் முழுக்க ரெயிலில் அப்படித்தான் போனது. அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சுரங்கங்கள் வந்து இருட்டாக்கிப் போயின. எதிரே இருந்த ஒரு கிழவர், புருசனும் பெண்சாதியும் கோபம்போல என்று கேட்டுவிட்டுத் தோடம்பழம் ஒன்று உரித்து இருவருக்கும் பாதி பாதியாய்க் கொடுத்தார். இருவரும் வாங்கித் தின்றார்கள். சமாதானம் ஆகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது காலை வெயில் ஏறிவிட்டது.

"கொக்குவிலுக்குப் போய்க் குளிச்சு உடுப்பு மாத்திக்கொண்டு..." என்று தொடங்கினான்.

"முகூர்த்தம் எத்தினை மணிக்கு?"

"பத்துக்குப் பிறகு."

"அப்ப குளிக்க நேரமில்லை."

பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினார்கள். அந்த வழியில் புத்தூர்தான் முதலில் வரும். பிறகு வல்லைவெளி, அதைத் தாண்டி வல்வெட்டித்துறை. இரண்டு வருடமாய்த் தாய் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் புத்தூரில் பஸ் நிற்கும்; ஆட்கள் இறங்குவார்கள்; அவள் மற்றப் பக்கம் பார்ப்பாள். இன்று அவள் சந்தி வருமுன்னே எழும்பி மணியை அடித்தாள். சண்முகநாதன் மடியில் பார்சலோடு இருந்தான். பஸ் நின்றது.

"நான் இறங்கிறன்" என்றாள். "நீங்கள் வாறதெண்டால் வாங்கோ."

அவள் இறங்கி நான்கு எட்டு வைத்தபிறகு, பின்னால் அவனுடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது.

கலியாண வீட்டுக்கு வழி கேட்கத் தேவையிருக்கவில்லை. ஒலிபெருக்கி கூப்பிட்டது. மிளகாய்த் தோட்டக் காசில் எழும்பிய புதுக் கல்வீடு, றோட்டுக் கரையிலேயே வாசல், இரண்டு பக்கமும் குலையோடு வாழை. வாழைக்குக் கீழே ஒரு பலகை போட்டு, நடராசா செம்பில் தண்ணீரோடு நின்றான். சித்தப்பாவின் மகன். மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டியவன் பெண்ணின் தமையன். தமையன் இல்லாத இடத்தில் இவனை நிறுத்தியிருந்தார்கள்.

சித்தப்பா ஏரம்பு இருவரையும் கண்டதும் சால்வையை உதறிக்கொண்டு ஓடி வந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோசம்தான். அதை அவள் மறுக்கமாட்டாள்.

"வந்திட்டியோ தம்பி. கொம்மா இரா முழுக்க அழுதவள். கெதியாய்ப் போய்க் கிணத்தடியிலை மேலைக் கழுவிக்கொண்டு வா. மாப்பிள்ளையின்ரை கார் சந்தியிலை." பிறகு குரலைத் தாழ்த்தி, அவளைப் பார்க்காமல்: "பிள்ளை, நீர் ஒருக்கா பக்கத்து வளவுக்கை போய் இரும். தங்கமுத்து வீடுதான். தாலி கட்டி முடியக் கூப்பிடுறம். கோவியாதையும்."

"இல்லை, மாமா. நான் இதிலை நிக்கிறன்."

"இதிலையோ? இந்தக் கோலத்திலையோ?"

சேலையில் முழங்கால்வரை மலைச் செம்மண் காய்ந்து வெடித்திருந்தது. கணுக்காலில் அட்டை குடித்த இடம் கறுப்புப் பொட்டாய் இருந்தது.

"ஓம். உங்கடை வாசலுக்கை வரேல்லை. றோட்டிலை நிக்கிறன். றோட்டு அரசாங்கத்தின்ரை."

"தம்பி, நீயாவது சொல்லு."

அவள் திரும்பிச் சண்முகநாதனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கி ஒரு பாட்டு முடித்து அடுத்த பாட்டுக்கு முன் கரகரத்தது. மேளகாரர் தவிலை இறுக்கினார்கள். வேலிக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கார்ச் சத்தம் கிட்ட வந்தது.

சண்முகநாதன் கிணற்றடிக்குப் போகவில்லை. சப்பாத்தைக் கழற்றி வேலியோரம் விட்டான். பார்சலை அவிழ்த்து, சேறு காய்ந்த காற்சட்டைக்கு மேலேயே பட்டு வேட்டியைச் சுற்றினான். சால்வையை இடுப்பில் கட்டினான். நடராசாவிடம் போய்க் கையை நீட்டினான். நடராசா தகப்பனைப் பார்த்தான். பிறகு செம்பைக் கொடுத்தான்.

கார் நின்றது. மாப்பிள்ளை இறங்கிப் பலகையில் ஏறினான். மெலிந்த, வியர்த்த, தலைப்பாகை நெற்றியை அழுத்தும் ஒரு பொடியன். சண்முகநாதன் குனிந்து தண்ணீர் விட்டு அவன் கால்களைக் கழுவினான். மாப்பிள்ளை கீழே பார்த்தான்.

"மச்சான், என்ரை காலைவிட உங்கடை காலுக்குத்தான் தண்ணி காணாது போலை கிடக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்து வைத்தார். மாப்பிள்ளை முறைப்படி மோதிரத்தைக் கழற்றிச் சண்முகநாதனின் விரலில் போட்டுக்கொண்டே, அதே கதைப் போக்கில், றோட்டைக் காட்டிக் கேட்டான்:

"இவவும் உங்களோடை சேத்துக்குள்ளாலைதான் வந்தவவோ? ஆர்?"

சித்தப்பா இருமினார். மாப்பிள்ளையின் தாய் காரிலிருந்து பாதி இறங்கியபடி பார்த்தாள். பத்மாசினி அசையவில்லை. இரண்டு வருடமும் இந்த இடத்தில் வந்து நின்றது.

"என்ரை மனிசி" என்றான் சண்முகநாதன். செருமிவிட்டு இன்னொரு தரம் சொன்னான். "என்ரை மனிசி. பத்மாசினி. வல்வெட்டித்துறை ஆழ்வாப்பிள்ளையின்ரை மகள்."

மாப்பிள்ளையின் தாய் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். காலில் வந்து பார்வை நின்றது. வாய் ஒரு பக்கம் கோணியது. பிறகு திரும்பி, "முகூர்த்தம் போகுது. கெதியாய் நடக்கட்டும்" என்றாள். மேளம் எழும்பியது. எல்லாரும் நகர்ந்தார்கள்.

அவ்வளவுதான். வானம் இடியவில்லை. கார் திரும்பிப் போகவில்லை. இதற்காகவா இரண்டு வருடம், இதற்காகவா மலையும் அட்டையும் வெள்ளமும் என்று நினைக்க, இறங்கியிருந்த கோபம் அடியிலிருந்து திரும்பவும் ஏறியது. முந்தநாள் ஆறு ஏறினது போலத்தான், சத்தமில்லாமல்.

சண்முகநாதன் வெறும் செம்போடு அவளிடம் வந்தான். விரலில் புது மோதிரம். முகத்தில் மறுபடியும் அந்த வெளிச்சம். நல்லது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று காத்திருக்கிற முகம்.

"வாரும், பத்மா. உள்ளுக்குப் போவம். இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

"பந்தலுக்கை இருக்க நான் வரேல்லை. நீங்கள் வாய் திறக்கிறதைக் கேக்க வந்தனான். கேட்டிட்டன்."

"அப்ப எங்கை போறீர்?"

"அம்மா வீட்டை."

"நானும் வாறன்."

"தாலி கட்டேக்கை தங்கச்சிக்குப் பக்கத்திலை தமையன் நிக்கவேணும். போய் நில்லுங்கோ."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவள் கையைக் காட்டி மறித்தாள். படியில் ஒரு காலை வைத்தபிறகு திரும்பினாள்.

"நாலாம் சடங்கு முடிய வாங்கோ. அங்கை மச்சம் இல்லாமல் சமைக்கிறேல்லை. வந்து எல்லாருக்கும் முன்னாலை இருந்து தின்னுங்கோ."

பஸ் புறப்பட்டது. அவன் பட்டு வேட்டியும் சேற்றுக் காலுமாய்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு றோட்டில் நின்றான். பத்மாசினி யன்னலோரம் உட்கார்ந்து, மற்றப் பக்கம் பார்க்காமல், அந்த வாசலையே அது மறையும்வரை பார்த்தாள். வல்லைவெளிக் காற்று முகத்தில் அடித்தபோது, சேலையில் காய்ந்திருந்த செம்மண்ணை நகத்தால் ஒவ்வொரு செதிலாய்ச் சுரண்டி வெளியே எறியத் தொடங்கினாள்.